எலி கடித்த ஆர்கன்: 'சைலன்ட் நைட்' பிறந்த கதையில் எது நிஜம்?

#1 நெல்லைக் கருப்பட்டி
டிசம்பர் 17, இரவு 9:12

எல்லோருக்கும் வணக்கம். ஒரு அவசர உதவி வேண்டும்.

வருகிற ஞாயிறு மாலை எங்கள் கோயிலில் கேரல் ஆராதனை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒருவர் எழுந்து அந்தப் பாட்டின் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும் என்று குருவானவர் ஏற்பாடு செய்திருக்கிறார். சீட்டு குலுக்கியதில் எனக்கு விழுந்தது 'சைலன்ட் நைட்', அதாவது நம் 'ஒப்பில்லா திரு இரா'.

சரி, தெரிந்த கதைதானே என்று சந்தோஷப்பட்டேன். ஞாயிறு பள்ளியில் கேட்டது இப்படி: 1818, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஆஸ்திரியாவில் ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சின்ன ஊர். கோயில் ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது. இசை இல்லாமல் கிறிஸ்துமஸா என்று தவித்த இளம் பாதிரியார் யோசேப் மோர், பனியில் நடந்து போய் ராத்திரியோடு ராத்திரியாகப் பாட்டு எழுதினார். பள்ளி ஆசிரியர் குரூபர் அவசரமாக மெட்டுப் போட்டார். கிட்டாரை வைத்துக்கொண்டு இருவரும் பாடினார்கள்.

இதை வீட்டில் சொல்லிப் பார்த்தபோது என் மைத்துனர், "எலி கதையெல்லாம் பிற்பாடு யாரோ கட்டிவிட்டது மாப்பிள்ளை, மேடையில் சொல்லி மாட்டிக்கொள்ளாதே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எலி உண்டா, இல்லையா?

#2 மார்கழிக் குளிர்
டிசம்பர் 17, இரவு 9:40

அய்யோ, எலி இல்லையா? நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் சிஸ்டர் இந்தக் கதையைச் சொல்லும்போது இரண்டு விரலை மூக்கடியில் வைத்து எலி மாதிரி கொறித்துக் காட்டுவார். கிறிஸ்தவர் அல்லாத எங்களுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடம். வீட்டில் மார்கழிக்குத் திருப்பாவை, பள்ளியில் சைலன்ட் நைட். இரண்டும் ஒரே குளிரில் கலந்து கிடக்கின்றன எனக்குள்.

எலியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

#3 சால்சாக் கரை
டிசம்பர் 17, இரவு 11:55

நான் பன்னிரண்டு வருடமாக சால்ஸ்பர்க் பக்கம் இருக்கிறேன். ஓபர்ன்டார்ஃப் இங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கதையில் உண்மையானது எது என்று சொல்லிவிடுகிறேன். 1818 டிசம்பர் 24, ஓபர்ன்டார்ஃப், புனித நிக்கோலாஸ் கோயில், மோர், குரூபர், கிட்டார். இவ்வளவும் உண்மை. குரூபர் பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டார்ஃபில் ஆசிரியர், ஓபர்ன்டார்ஃப் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். அன்று மோர் ஒரு கவிதையைக் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் மெட்டுப் போட்டுத் தரச் சொன்னார். அன்றைக்கே மெட்டு தயார். மோர் கிட்டார் வாசித்தபடி மேல் குரலில் பாட, குரூபர் கீழ்க் குரலில் சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு சரணத்தின் கடைசி வரிகளையும் பாடகர் குழு திருப்பிப் பாடியது. மோருக்கு அப்போது 26 வயது, குரூபருக்கு 31.

இப்போது கதையின் ஓட்டை. அந்தக் கவிதை அன்று ராத்திரி எழுதியது அல்ல. அது இரண்டு வருடம் பழையது. 1995-ல் மோரின் சொந்தக் கையெழுத்தில் இருக்கும் ஒரு தாள் வெளிச்சத்துக்கு வந்தது. அதில் பாட்டு எழுதிய வருடம் 1816 என்று அவரே குறித்திருக்கிறார், மெட்டுக்கு குரூபர் பெயரையும் போட்டிருக்கிறார். 1816-ல் அவர் ஓபர்ன்டார்ஃபிலேயே இல்லை. மலைக்கு அந்தப் பக்கம் மரியாஃபார் என்ற ஊரில் உதவிக் குருவாக இருந்தார்.

அந்த 1816 எப்படிப்பட்ட வருடம் என்று தெரிந்தால்தான் பாட்டு புரியும். நெப்போலியன் போர்கள் முடிந்த கையோடு, நூற்றாண்டுக் கணக்கில் தனி நாடாக இருந்த சால்ஸ்பர்க் கை மாறிக் கை மாறிக் கடைசியில் ஆஸ்திரியாவுக்குப் போனது. பவேரியப் படைகள் அப்போதுதான் வெளியேறின. முந்தின வருடம் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. பயிர் அழுகியது, ரொட்டி விலை ஏறியது. ஓபர்ன்டார்ஃபுக்கு இன்னொரு அடியும் விழுந்தது. சால்சாக் ஆறுதான் புதிய எல்லை என்று கோடு போட்டுவிட்டார்கள். அதுவரை லாவ்ஃபென் நகரமும் ஓபர்ன்டார்ஃபும் ஒரே ஊர் மாதிரி. தாய்க் கோயில் அக்கரையில், பவேரியாவில் போய்விட்டது. ஹாலைனிலிருந்து படகில் உப்பு ஏற்றிப் பிழைத்த சனங்கள் இக்கரையில்.

அப்படிப்பட்ட வருடத்தில் 23 வயதுப் பையன் 'அமைதியான இரவு' என்று எழுதியிருக்கிறான். எனக்கு எலியைவிட இதுதான் பெரிய கதை.

#4 வரலாற்றுப் புழு
டிசம்பர் 18, காலை 7:20

சால்சாக் கரை அண்ணன் எலியைக் கொல்லாமல் சுற்றி வந்துவிட்டார். நான் கொன்றுவிடுகிறேன்.

குரூபரே 1854 டிசம்பர் 30 தேதியிட்டு, இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று கைப்பட ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார். அதில் எலி இல்லை. ஆர்கன் கெட்டுப்போனது என்ற பேச்சும் இல்லை. ஆர்கன் நல்ல நிலையில் இல்லாமல் இருந்திருக்கலாம், ஏனென்றால் சில வருடங்களில் புதிதாகக் கட்டினார்கள். ஆனால் அதனால்தான் கிட்டார் வந்தது என்று சம்பந்தப்பட்ட இருவரில் ஒருவரும் சொல்லவில்லை. எலியும் துருத்தியும் பின்னால் வந்த கதாசிரியர்களின் கைவரிசை.

அந்தக் குறிப்பை அவர் எழுத வேண்டி வந்ததே ஒரு தமாஷ். அதற்குள் பாட்டு ஜெர்மனி முழுக்கப் பரவிவிட்டது, ஆனால் யார் பாட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. இசையமைப்பாளர் மிக்கேல் ஹைடன் போட்ட மெட்டு என்று ஒரு பேச்சு ஓடியது. பிரஷ்ய மன்னரின் பெர்லின் அரண்மனை இசைக்குழு, மூலம் தேடி சால்ஸ்பர்க் புனித பேதுரு மடத்துக்கு விசாரித்து எழுதியது. அந்த மடத்துப் பாடகர் குழுவில் ஃபெலிக்ஸ் என்று ஒரு பையன் பாடிக்கொண்டிருந்தான். அவன் குரூபரின் மகன்! பெர்லின் தேடிய ஆள் ஹாலைனில் உயிரோடு உட்கார்ந்திருந்தார். மோர் அதற்கு ஆறு வருடம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

#5 மார்கழிக் குளிர்
டிசம்பர் 18, காலை 8:02

எலிக்கு என் அஞ்சலி.

ஒரு கேள்வி. ஒரு சின்ன ஊர்க் கோயிலில் கிட்டாரோடு பாடிய பாட்டு, எழுதியவர் பெயர்கூடத் தெரியாமல் பெர்லின் அரண்மனைக்கு எப்படிப் போனது? அந்தக் காலத்தில் ரேடியோவா, கேசட்டா?

#6 வரலாற்றுப் புழு
டிசம்பர் 18, காலை 8:45

கையுறை வியாபாரிகள் கொண்டுபோனார்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

கார்ல் மௌராகர் என்று ஒரு ஆர்கன் ஆசாரி. டிரோல் பகுதியில் சில்லர் பள்ளத்தாக்குக்காரர். ஓபர்ன்டார்ஃபில் வேலை பார்த்தவர் இந்தப் பாட்டின் பிரதியைச் சொந்த ஊருக்கு எடுத்துப் போனார். அந்தப் பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாக ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்வார்கள், பாடவும் செய்வார்கள். அதில் ஸ்ட்ராஸர் குடும்பம் கையுறை விற்பவர்கள். லைப்சிக் சந்தையில் கடை போட்டு, கூட்டம் சேர்க்கப் பாடுவார்கள். சரக்கைவிடப் பாட்டு நன்றாகப் போனது! 1832-ல் அங்கே கச்சேரியே செய்தார்கள். அப்புறம் டிரெஸ்டனில் ஒரு பதிப்பாளர் 'அசல் டிரோல் பாடல்கள் நான்கு' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நான்கில் ஒன்று இது. மோர் பெயரும் இல்லை, குரூபர் பெயரும் இல்லை, 'நாட்டுப்பாட்டு' என்ற முத்திரை மட்டும்தான். பெயர் தொலைந்தது இப்படித்தான்.

ரைனர் என்ற இன்னொரு பாட்டுக் குடும்பம் கடல் தாண்டியது. 1839-ல் நியூயார்க்கில் பாடினார்கள். அதற்கு இருபது வருடம் கழித்து, 1859-ல், அதே நியூயார்க்கின் டிரினிட்டி கோயிலில் குருவாக இருந்த ஜான் ஃப்ரீமன் யங் வெளியிட்டதுதான் நாம் பாடும் ஆங்கிலப் பாட்டு.

#7 நெல்லைக் கருப்பட்டி
டிசம்பர் 18, மதியம் 1:30

சாப்பாட்டு நேரத்தில் எல்லாவற்றையும் படித்தேன். அண்ணன்மாருக்கு நன்றி. ஆனால் எனக்கு இரண்டே நிமிடம்! உப்புப் படகு, எரிமலை, கையுறைக் கடை, பெர்லின் என்று எல்லாவற்றையும் எப்படி அடக்குவது?

மோர் யார், எப்படிப்பட்ட ஆள் என்று யாராவது சொன்னால் அதிலிருந்து ஏதாவது பிடித்துக்கொள்வேன்.

#8 சால்சாக் கரை
டிசம்பர் 18, மாலை 6:10

தம்பி, மோர் கதையைச் சொன்னால் உங்கள் இரண்டு நிமிடம் அதிலேயே போய்விடும்.

சால்ஸ்பர்க் நகரத்தில் 1792 டிசம்பர் 11 பிறப்பு. தாய் அன்னா ஷோய்பர், பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழை. தகப்பன் ஃபிரான்ஸ் மோர் படையிலிருந்து ஓடிப்போன சிப்பாய், பிள்ளை பிறக்கும்போது கூட இல்லை. முறைப்படி கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை. ஞானத் தகப்பனாக நிற்க யார் முன்வருவார்கள்? பதிவேட்டில் இருக்கும் பெயர் வோல்முட். சால்ஸ்பர்க் நகரத்துத் தூக்கு நிறைவேற்றுபவர்! அவரும் நேரில் வரவில்லை, வேறு ஆளை நிற்க வைத்தார்.

பையனின் குரலைக் கேட்டுக் கோயில் இசைப் பொறுப்பாளர் ஒருவர் அவனைப் படிக்க வைத்தார். ஆனால் அன்றைய திருச்சபைச் சட்டப்படி, இப்படிப் பிறந்தவர் குருவாவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். அதையும் வாங்கி 1815-ல் குருப்பட்டம் பெற்றார்.

ஓபர்ன்டார்ஃபிலும் நிம்மதி இல்லை. மேலே இருந்த பங்குக் குரு இவரைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். பொறுப்பில்லாமல் திரிகிறார், பக்திக்கு உதவாத பாட்டுப் பாடுகிறார், பெண்களோடு வேடிக்கை பேசுகிறார் என்று. கிட்டார் அப்போது சத்திரத்தில் வாசிக்கும் வாத்தியம், கோயிலுக்குள் வருவதே ஆச்சரியம். பாட்டும் லத்தீனில் இல்லை, சனங்கள் பேசும் ஜெர்மனில் இருந்தது. பூசை முடிந்து குடிலுக்கு முன்னால் நின்று பாடியதால் பிழைத்தது.

அப்புறம் ஊர் ஊராக மாற்றல். கடைசியில் வாக்ரைன் என்ற மலையூர். அங்கே ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் கட்டப் பாடுபட்டார். 1848 டிசம்பர் 4-ல் இறந்தபோது கையில் காசு இல்லை.

இப்போது கொஞ்சம் பயங்கரமான பகுதி. அவருக்கு ஒரு படம்கூட கிடையாது. சிலை செய்ய வேண்டும், முகம் தெரியவில்லை. குருவாகவும் சிற்பியாகவும் இருந்த ஒருவர் 1912-ல் வாக்ரைன் கல்லறையைத் தோண்டி மண்டையோட்டை எடுத்தார், அதைப் பார்த்து முகம் வடிக்க. அந்த மண்டையோடு திரும்பிப் போகவில்லை. ஓபர்ன்டார்ஃப் நினைவுச் சிற்றாலயத்தின் சுவருக்குள் வைத்துக் கட்டிவிட்டார்கள். நான் கூட்டிப் போகிறவர்களிடம் இதை வெளியே வந்த பிறகுதான் சொல்வேன். ஒருமுறை முன்கூட்டியே சொல்லி, என் மாமியார் உள்ளே வரவே மறுத்துவிட்டார்.

#9 பனங்காட்டுப் பொடியன்
டிசம்பர் 18, இரவு 8:25

மண்டையோடு விசயம் எனக்குப் புதுசு அண்ணை. நான் யாழ்ப்பாணம். எங்கட பள்ளிக்கூடங்களில் மார்கழி லீவு விட முன்னம் ஒளிவிழா நடக்கும். சைவப் பிள்ளைகளும் சேர்ந்துதான் பாடுவினம். இருட்டில் மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு 'ஒப்பில்லா திரு இரா' பாடி, உருகின மெழுகு கையில் விழுந்து, வாத்தியார் பார்க்கிறார் என்று கத்தவும் ஏலாமல் நின்றது இப்பவும் ஞாபகம்.

தமிழில் இதை மொழிபெயர்த்தது பப்ரிசியஸ் ஐயர் என்று கேள்விப்பட்டிருக்கிறன். தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன்காரர், பைபிளும் ஞானப்பாட்டும் மொழிபெயர்த்தவர். ஜெர்மன் பாட்டு என்றபடியால் அவராய்த்தான் இருக்க வேணும்.

#10 வரலாற்றுப் புழு
டிசம்பர் 18, இரவு 8:50

பொடியன் தம்பி, மன்னிக்க வேண்டும், இது நடக்கவே முடியாது. பப்ரிசியஸ் சென்னையில் இறந்தது 1791 ஜனவரி. மோர் பிறந்தது 1792 டிசம்பர். பாட்டு எழுதியவர் பிறப்பதற்கு முன்பே மொழிபெயர்ப்பாளர் காலமாகிவிட்டார்.

ஆனால் நீங்கள் நினைத்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. பப்ரிசியஸும் அவர் வழியில் வந்தவர்களும் ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ்ச் சொல்லைப் பொருத்தும் வித்தையைத் தொடங்கி வைத்தார்கள். 1706-ல் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடிக்கு வந்த நாளிலிருந்து ஓடும் கால்வாய் அது. 'ஒப்பில்லா' அதில் பின்னால் வந்து சேர்ந்த தண்ணீர்.

#11 ஹார்மோனியப் பெட்டி
டிசம்பர் 18, இரவு 10:05

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. முப்பத்தெட்டு வருடம் கோயிலில் ஆர்கன் வாசித்து ஓய்ந்தவன். பாமாலை (நம் ஞானப்பாட்டுப் புத்தகம்) பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் நம் பாட்டை 'சைலன்ட் நைட் மொழிபெயர்ப்பு' என்று சொல்வார்கள். எடுத்துப் பாருங்கள். 'அமைதி' என்ற சொல்லே முதல் அடியில் கிடையாது. ஒப்பு இல்லாத, திரு நிறைந்த இரவு. ஜெர்மன் மூலத்தில் வரும் தூங்கும் குழந்தை இல்லை, சுருள் முடி இல்லை, தாயும் தகப்பனும் விழித்திருப்பது இல்லை. அதற்குப் பதில் மா பிதா தம் ஏக மைந்தனை உலகத்துக்கு அனுப்பினார் என்று வருகிறது. அது யோவான் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனம். மொழிபெயர்த்தவர் தாலாட்டை எடுத்துவிட்டுப் பிரசங்கத்தை வைத்துவிட்டார் என்று எனக்கு வாலிபத்தில் கோபம் உண்டு.

பிறகு வாசிக்க வாசிக்கக் கோபம் போய்விட்டது. சொல் உட்கார்ந்திருக்கும் அழகைப் பாருங்கள். சங்கராபரண சுரத்தில் சொல்கிறேன், சோல்ஃபா தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். முதல் அடி ப-த-ப-க. அதே அடி மறுபடி வரும்போது 'தி-ரு-இ-ரா', நான்கு எழுத்துக்கு நான்கு சுரம், ஒன்று கூடவில்லை, குறையவில்லை. 'இ-தில்-தான்', 'மா-பி-தா' மூன்று மூன்று.

கடைசிக்கு வாருங்கள். பாட்டிலேயே உயரமான சுரம் ஒன்றுதான், மேல் ஸ்தாயி மத்திமம். ஜெர்மனில் அந்த இடத்தில் விண்ணுக்குரிய சொல் வருகிறது. ஆங்கிலத்திலும் அப்படியே. தமிழில் 'அன்பாம் உன்னத அன்பாம்' என்ற அடியில் 'உன்' என்ற எழுத்து சரியாக அந்த மத்திமத்தில் போய் நிற்கிறது. உன்னதம் என்றால் உயரம். பொருளைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டு, அடுத்த முறை அதே சொற்களைப் படிப்படியாக இறக்கி ஆதார சட்ஜத்தில் கொண்டுபோய் முடிக்கிறார். மெட்டு தெரியாதவன் செய்யும் வேலை இல்லை இது.

ஒரே ஒரு இடத்தில் தகராறு. முதல் எழுத்து 'ஒப்'. குறில், பின்னால் வல்லின மெய். மெட்டு அந்த இடத்தில் ப-த என்று இரண்டு சுரம் இழுக்கச் சொல்கிறது. 'ஒப்'பை எப்படி இழுப்பது? வாயை மூடின பிறகு இழுக்க முடியாது. அதனால் எல்லாக் குவையரும் 'ஓப்பில்லா' என்றுதான் பாடும். முப்பத்தெட்டு வருடம் சொல்லிப் பார்த்தேன். "குறிலில் சுரத்தைப் போட்டு, ப்பன்னாவைக் கடைசியில் தொடுங்கள்" என்று. பயிற்சியில் சரியாக வரும், ஆராதனையில் 'ஓ' தான்.

#12 மார்கழிக் குளிர்
டிசம்பர் 18, இரவு 10:31

ஐயா, இப்போது ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டேன். ஓப்பில்லா! ஓப்பில்லா! இனி வாழ்நாள் முழுக்க இதுதான் காதில் விழும்.

#13 ஹார்மோனியப் பெட்டி
டிசம்பர் 18, இரவு 10:48

வரவேற்கிறேன் அம்மா. என் கஷ்டத்தில் ஒரு பங்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டு நிலைத்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், மூன்றே கார்டு என்பது இன்னொரு காரணம். கிட்டார் பிடித்து ஒரு மாதம் ஆன பையன் வாசித்துவிடலாம். ஆர்கன் வேண்டாம், பெரிய குழு வேண்டாம். திச்ர நடையில் தொட்டில் ஆட்டம். ஆனால் தொண்டைக்கு அத்தனை சுலபம் இல்லை. கீழ் சட்ஜம் முதல் மேல் மத்திமம் வரை பதினோரு சுர வீச்சு. கூட்டத்தில் பாடும்போது அதை யாரும் கவனிப்பதில்லை, மேலே எட்டாதவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

ரொம்ப மெதுவாகப் பாடுவதும் தவறு. அடக்க ஆராதனை மாதிரி இழுக்கிறார்கள். தொட்டில் நின்றுபோகும்.

#14 இரவு ஷிஃப்ட்
டிசம்பர் 19, அதிகாலை 3:15

ஒருவரும் 1914-ஐச் சொல்லவில்லையே! முதல் உலகப் போரில் இந்தப் பாட்டைப் பாடியதும் இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு, போரே நின்றுபோய், பந்து விளையாடினார்கள். இரண்டு நிமிடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

#15 வரலாற்றுப் புழு
டிசம்பர் 19, காலை 7:35

சொல்லலாம், ஆனால் அளவாக. 1914 டிசம்பர் 24 இரவு, பெல்ஜியத்தில் ஈப்ர் பக்கம், ஜெர்மன் பதுங்குகுழி விளிம்பில் சின்ன மரங்களும் மெழுகுவத்திகளும் தெரிந்தன. அங்கிருந்து இந்தப் பாட்டு வந்தது. ஆங்கிலேயர் கைதட்டிவிட்டுத் தங்கள் பாட்டு ஒன்றைப் பாடினார்கள். இப்படி மாறி மாறிப் பாடி, ஒரு கட்டத்தில் இருவருக்கும் தெரிந்த லத்தீன் பாட்டான 'அடெஸ்தே ஃபிடேலெஸ்' வந்ததும் எதிரிலிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்று அங்கே இருந்த ஆங்கிலேயச் சிப்பாய் பின்னாளில் விவரித்திருக்கிறார். மறுநாள் நடுவில் சந்தித்தார்கள், சிகரெட் மாற்றிக்கொண்டார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள்.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. அதே நாளில் வேறு பகுதிகளில் சுட்டார்கள், செத்தார்கள். போர் இன்னும் நான்கு வருடம் ஓடியது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்படி எதுவும் நடக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு முன்கூட்டியே போனது. பாட்டு போரை நிறுத்தவில்லை. எதிரே இருப்பவனுக்கும் கிறிஸ்துமஸ்தான் என்று காதுக்குக் காட்டியது, அவ்வளவுதான். அதுவே சின்ன விஷயமா?

#16 சால்சாக் கரை
டிசம்பர் 19, மதியம் 12:20

புழு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மோர் எழுதியது ஆறு சரணம். யங் ஆங்கிலத்தில் எடுத்தது மூன்று: ஒன்று, ஆறு, இரண்டு. விட்டுப்போனதில் நான்காவது முக்கியமானது. தந்தையின் அன்பெல்லாம் இன்று பொழிந்தது, இயேசு உலகத்து இனங்களையெல்லாம் சகோதரனாகக் கட்டிக்கொண்டார் என்று வரும். எல்லை கிழித்த, படை புகுந்த 1816-ல் 'இனங்களையெல்லாம்' என்று எழுதுவது சும்மா இல்லை.

ஹார்மோனியப் பெட்டி ஐயா தாலாட்டுக்குப் பதில் பிரசங்கம் என்று கோபப்பட்டார் அல்லவா? பிதாவின் அன்பு என்ற பேச்சு மோரிடமும் இருக்கிறது, நான்காம் சரணத்தில். தமிழ்ப் பாட்டு அதை முதலிலேயே சொல்லிவிடுகிறது.

#17 ஹார்மோனியப் பெட்டி
டிசம்பர் 19, மதியம் 2:02

இது எனக்குத் தெரியாது. முப்பத்தெட்டு வருடம் வாசித்தும் தெரியாது. நன்றி தம்பி.

#18 இரவு ஷிஃப்ட்
டிசம்பர் 19, மாலை 5:50

சரி, போரை விட்டுவிடுகிறேன். யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியமாக அறிவித்ததாவது உண்மையா, அதற்கும் புழு வருமா?

#19 வரலாற்றுப் புழு
டிசம்பர் 19, மாலை 6:04

வந்துவிட்டேன். உலகப் பட்டியல் இல்லை. 2011-ல் ஆஸ்திரியா தன் நாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோ ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு நாடும் வைத்திருக்க வேண்டிய உள்நாட்டுப் பட்டியல் அது. முன்னூறுக்கு மேற்பட்ட மொழிகளிலும் வட்டார வழக்குகளிலும் பாடுகிறார்கள் என்பது சரி.

#20 மார்கழிக் குளிர்
டிசம்பர் 19, இரவு 9:15

முன்னூறு மொழியில் பாடுவது இருக்கட்டும். எங்கள் பக்கத்து ஜவுளிக்கடையில் நவம்பர் பதினைந்திலேயே இந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். நடுநடுவே 'இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம்'. அமைதியான இரவாம்!

#21 சால்சாக் கரை
டிசம்பர் 19, இரவு 10:40

இங்கே நேர்மாறு. டிசம்பர் 24-க்கு முன்னால் இதைப் பாடுவது மரியாதை இல்லை என்று நினைக்கிறவர்கள் ஆஸ்திரியாவில் ஏராளம். முதல் வருடம் எனக்குத் தெரியாது. டிசம்பர் முதல் வாரம், வேலை செய்யும் இடத்தில் மாவு பிசைந்தபடி முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா மாவுக் கையை உயர்த்தி, "இன்னும் இல்லை" என்றார். கோபமாக இல்லை, பிள்ளை பலகாரத்தைப் படைக்கும் முன் எடுத்தால் பாட்டி சொல்வது மாதிரி. 24 மாலை அவர்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, மரத்தில் மெழுகுவத்தி மட்டும் எரிய, மணி அடித்த பிறகு பாடினார்கள். பெரியவர் ஒருவர் இரண்டாம் சரணத்துக்கு மேல் பாட முடியாமல் நிறுத்திவிட்டார்.

வருடம் முழுக்க வாயை மூடி வைத்திருந்தால்தான் அப்படி வரும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கருப்பட்டி, மறக்க வேண்டாம். பாடிய அந்தக் கோயில் இப்போது இல்லை. ஆற்று வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்து, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இடித்துவிட்டார்கள். ஊரையே கொஞ்சம் மேலே தள்ளிக் கட்டினார்கள். இருக்கிற சிற்றாலயம் 1937-ல் திறந்தது. மோரின் கிட்டார் மட்டும் ஹாலைன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது.

#22 நெல்லைக் கருப்பட்டி
டிசம்பர் 20, காலை 6:30

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

"கல்யாணம் ஆகாத ஒரு ஏழைத் தாய்க்குப் பிறந்தான் ஒரு பிள்ளை. ஞானத் தகப்பனாகப் பெயர் கொடுத்தவர், ஊரில் தூக்குப் போடுகிறவர். அந்தப் பிள்ளை குருவானான். போர் முடிந்து பஞ்சம் பிடித்த 1816-ல் ஒரு பாட்டு எழுதினான். இரண்டு வருடம் அது மடித்த தாளாகவே கிடந்தது. 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், நண்பரான ஆசிரியரிடம் கொடுத்தான். அன்று மாலை கிட்டார் வைத்து இருவரும் பாடினார்கள். கையுறை விற்கிறவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். எழுதியவன் பெயரை எல்லோரும் மறந்தார்கள், பாட்டை யாரும் மறக்கவில்லை. அதை இப்போது நம் மொழியில் பாடுவோம்."

#23 ஹார்மோனியப் பெட்டி
டிசம்பர் 20, காலை 6:52

'மடித்த தாளாகவே கிடந்தது' என்பதற்குச் சான்று இல்லை, எடுத்துவிடுங்கள். மற்றபடி போதும். எலியைவிட நன்றாக இருக்கிறது.

#24 பனங்காட்டுப் பொடியன்
டிசம்பர் 20, காலை 9:10

தூக்குப் போடுகிறவர் கட்டத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கோ அண்ணை. சனம் அப்படியே நிமிர்ந்து இருக்கும்.

#25 நெல்லைக் கருப்பட்டி
டிசம்பர் 21, இரவு 10:20

முடிந்தது. நேரமாகிவிட்டது என்று என் இரண்டு நிமிடத்தை ஒரு நிமிடமாக்கிவிட்டார்கள். கையுறைக்காரர்களை விட்டுவிட்டேன், தூக்குப் போடுகிறவரை மட்டும் விடவில்லை. பொடியன் சொன்ன மாதிரி நிறுத்திச் சொன்னேன். பின் பெஞ்சில் பேசிக்கொண்டிருந்த வாலிபர்கள்கூட நிமிர்ந்தார்கள்.

வெளியே கேக் கொடுக்கும்போது எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சரம்மா, எண்பது வயது, என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் நல்லாத்தான் சொன்ன, எலியை எங்கடா காணோம்?" என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நேரம் இல்லை டீச்சர் என்று சொல்லிவிட்டேன். என் மகளுக்கு மண்டையோடு இருக்கும் சிற்றாலயத்துக்கு எப்போது போகலாம் என்று தெரிய வேண்டுமாம்.

ஹார்மோனியப் பெட்டி ஐயா, குவையர் பாடும்போது விளக்கையெல்லாம் அணைத்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். 'ஓ' தான்.

#26 ஹார்மோனியப் பெட்டி
டிசம்பர் 21, இரவு 10:33

தெரியும்.

'உன்னத'த்தில் எட்டினார்களா?

#27 நெல்லைக் கருப்பட்டி
டிசம்பர் 21, இரவு 10:41

சோப்ரானோ பிள்ளைகள் எட்டிவிட்டார்கள் ஐயா. நான் வாயை அசைத்தேன்.